பீட்ரூட் சாயம் எங்கே நிற்கிறது?

எல்லாம் ஒரு பொரியலில் ஆரம்பித்தது. பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் சமையலறை வாசலில் உட்கார்ந்து செல் சவ்வுப் பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். "பாஸ்போலிப்பிட் ஈரடுக்கு, தலை நீர் விரும்பும், வால் நீர் வெறுக்கும்" என்று சுப்ரபாதம் மாதிரி அதே வரி திரும்பத் திரும்ப. நான் பீட்ரூட் நறுக்கிக்கொண்டிருந்தேன். நறுக்கியதை அலசினால் முதல் தண்ணீர் நல்ல சிவப்பு, இரண்டாவது ரோஸ், நாலாவது கிட்டத்தட்ட வெறும் தண்ணீர். அதே துண்டை அடுப்பில் ஏற்றினால் பாத்திரம் முழுக்கச் சாயம். "அலசும்போது நின்ன சாயம் வேகும்போது மட்டும் ஏன்டி வருது?" என்று கேட்டேன். "வெந்துடுச்சுல்ல, அதான்" என்றாள். வெந்தால் உள்ளே என்ன ஆகிறது என்றால் பதில் இல்லை. பதில் அவள் மடியில் திறந்திருந்த பக்கத்திலேயே இருந்தது, அன்றைக்கு எங்கள் இரண்டு பேருக்கும் அது தெரியவில்லை.

அப்புறம் மூன்று ஞாயிற்றுக்கிழமை, சுமார் நாலு கிலோ பீட்ரூட். என்ன செய்தோம், எங்கே சொதப்பினோம் என்று எழுதி வைக்கிறேன், வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு உதவும்.

முதலில் சாயம் இருக்கும் இடம். பீட்ரூட் சிவப்புக்குக் காரணம் பீட்டானின் என்ற நிறமி. அது செல்லுக்குள் பெரிய தண்ணீர்ப் பை மாதிரி இருக்கும் வாக்குவோலில் கரைந்து கிடக்கிறது. வெளியே வர வேண்டுமானால் வாக்குவோலைச் சுற்றியிருக்கும் டோனோபிளாஸ்ட் சவ்வைத் தாண்ட வேண்டும், அதற்கடுத்து செல்லின் வெளிச் சவ்வான பிளாஸ்மா சவ்வைத் தாண்ட வேண்டும். அதற்கும் வெளியே செல்சுவர் இருக்கிறது, ஆனால் அது செல்லுலோஸ் பின்னல், சாயத்துக்கு அது கொசுவலையில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான். ஆக சாயத்தைப் பிடித்து வைத்திருப்பது இரண்டு மெல்லிய சவ்வுகள், அவ்வளவே. மகள் படித்த ஈரடுக்கு இந்தச் சவ்வுதான்: பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு அடுக்காக, தலைகள் தண்ணீர்ப் பக்கம், வால்கள் நடுவில். கத்தி பட்ட வரிசையில் இருக்கும் செல்கள் கிழிந்து கொட்டுகின்றன, அலசினால் அது போய்விடுகிறது, பின்னால் இருக்கிற செல்கள் முழுசாக இருப்பதால் அடுத்த தண்ணீர் தெளிகிறது. இந்தச் சவ்வு எந்தச் சூட்டில் கை விடுகிறது என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

முதல் ஞாயிறு முழுத் தோல்வி. சதுரம் சதுரமாக வெட்டி, அலசாமல் அப்படியே ஆறு எவர்சில்வர் டம்ளரில் போட்டோம். அலசாததால் சாதாத் தண்ணீரும் சிவப்பு, சுடுதண்ணீரும் சிவப்பு. அதோடு எவர்சில்வரில் ஊற்றினால் எந்தச் சிவப்பு எவ்வளவு சிவப்பு என்று யாருக்குத் தெரியும், எல்லாம் ஒரே கருப்பாகத் தெரிந்தது. சூட்டை அளக்கக் காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரை மகள் எடுத்துவந்து வைத்தாள், அது 42, 43 டிகிரிக்கு மேல் கணக்குப் போடாது, "ஹெச்" என்று காட்டிவிட்டுச் சும்மா இருந்தது. என் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு கிலோ காயை இப்படிக் கரைச்சு ஊத்துறீங்களே, மனசு வருதா?" என்றார். வரவில்லைதான்.

அடுத்த வாரத்துக்குள் ஆய்வகச் சாமான் விற்கிற கடையில் 110 டிகிரி வரை காட்டும் கண்ணாடித் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கினேன், சிவப்புத் திரவம் உள்ளது. சமையலறையில் பாதரசம் வேண்டவே வேண்டாம், உடைந்தால் பெரிய தலைவலி. சிப்ஸ் சீவும் கட்டையில் பீட்ரூட்டைச் சீவினால் எல்லாத் துண்டும் ஒரே தடிமன் வரும், அதை ஸ்கேல் வைத்து ஒரு சென்டிமீட்டர் சதுரமாக வெட்டிக்கொண்டோம். ஐந்து முறை அலசி, கடைசித் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, அப்போதும் தண்ணீர் தெளிவாக இருந்தால்தான் அடுத்த வேலை. இந்த ஒரு படியைத் தவிர்த்தால் மீதி எல்லாம் வீண்.

முறை இதுதான்: பத்து பத்துத் துண்டாக எடுத்து, குறிப்பிட்ட சூட்டுத் தண்ணீரில் இரண்டு நிமிடம், அப்புறம் உடனே கண்ணாடி டம்ளரில் 50 மி.லி. சாதாத் தண்ணீருக்கு மாற்றி 20 நிமிடம். எல்லா டம்ளரிலும் ஒரே சூட்டுத் தண்ணீரில்தான் சாயம் இறங்குகிறது, அதனால் "சூடான தண்ணீரில் சாயம் சீக்கிரம் கரையும்" என்ற வாதம் அடிபட்டுப் போகும். சவ்வுக்கு என்ன ஆயிற்று என்பது மட்டும் மிஞ்சும்.

நிறத்தை அளப்பது பெரிய பாடு. போனில் படம் எடுத்தால் கேமரா தானே வெள்ளையைச் சரிசெய்துகொண்டு எல்லா டம்ளரையும் அழகாக ஒரே மாதிரி காட்டுகிறது. அதனால் அளவுகோல் ஒன்றைத் தயார் செய்தோம். கெட்டியான பீட்ரூட் சாறுக்கு 64 என்று பெயர், அதில் சம அளவு தண்ணீர் கலந்தால் 32, அதையும் அதேபோல் பாதியாக்கினால் 16, இப்படி 1 வரை. எந்த டம்ளர் எந்த எண்ணோடு ஒத்துப்போகிறது என்று வெள்ளைத் தாளின் மேல் வைத்துக் கண்ணால் பார்ப்பது. முதல் தடவை அந்தச் சாறை நான் 20 நிமிடம் கொதிக்க வைத்து எடுத்தேன், அதுவும் தப்பு. பீட்டானின் சூட்டில் சிதையும், செம்மை போய்ப் பழுப்பு ஏறிவிட்டது. பச்சை பீட்ரூட்டைத் துருவித் துணியில் பிழிந்துதான் சரியான சாறு கிடைத்தது.

முடிவு: 30 டிகிரியில் 1. 40லும் 1. 50ல் 2, அதுவும் மகள் 2 என்றாள், நான் 1 என்றேன். 60ல் 16. 70ல் 32. 80ல் கிட்டத்தட்ட அதே, கொஞ்சம் மங்கல். படிப்படியாக ஏறும் என்று நான் நினைத்திருந்தேன், அப்படி இல்லை. 50 வரைக்கும் கதவு சாத்தியே இருக்கிறது, 60க்குள் கதவே இல்லை. சூடு ஏற ஏறக் கொழுப்பு அடுக்கு தளர்கிறது, அதோடு சவ்வில் பதிந்திருக்கும் புரதங்கள் முட்டை வெள்ளை வெந்து கெட்டியாவது போல உருக்குலைகின்றன, இரண்டும் சேர்ந்து சவ்வு சிதைகிறது. "வெந்துடுச்சு" என்று மகள் சொன்னதன் அர்த்தம் இதுதான்.

அடுத்தது ஃப்ரீசர். ஒரு டப்பா துண்டை இரவு முழுக்க உறைய வைத்துக் காலையில் வெளியே வைத்தோம். சூடே படவில்லை, ஆனால் உருகும்போதே டப்பாவில் குளம் கட்டிவிட்டது, எண் 32. ஐஸ் படிகம் வளர்ந்து சவ்வைக் குத்திக் கிழிக்கிறது. ஃப்ரீசரில் வைத்த காய் சொதசொதவென்று ஆவதும் இதனால்தான்.

ஸ்பிரிட்டில் போட்டதும் (அடுப்பை அணைத்துவிட்டு, ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், தீப்பிடிக்கும் சாமான்) சில நிமிடத்தில் சாயம் இறங்க ஆரம்பித்தது. ஆல்கஹால் சவ்வின் கொழுப்பைக் கரைத்துக் குலைக்கும். சோப்புக்கும் அதே குணம், அதற்கும் ஒரு தலை, ஒரு வால், சவ்வுக்குள் நுழைந்து அதை உதிர்த்துவிடும். கொரோனா காலத்தில் கை கழுவச் சொன்னதற்குப் பின்னால் இருந்ததும் இந்தக் கணக்குதான், அந்த வைரஸின் வெளியுறை நம் செல்லிலிருந்து எடுத்த அதே ஈரடுக்கு. ஆனால் சோப்பில் நான் ஏமாந்த கதை வேறு. துணி துவைக்கும் பவுடரைக் கரைத்து அதில் துண்டுகளைப் போட்டேன். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் சிவப்பே இல்லை, ஏதோ மஞ்சள் தண்ணீர். சோப்பு வேலை செய்யவில்லை என்று நோட்டில் எழுதியும் விட்டேன். இரவு படுத்த பிறகுதான் பொறி தட்டியது: துவைக்கும் பவுடர் நல்ல காரம், பீட்டானின் காரத்தில் மஞ்சளாகிவிடும். சாயம் வெளியே வந்திருக்கிறது, வந்தது வேஷம் மாறி நின்றிருக்கிறது. மறுநாள் பாத்திரம் தேய்க்கும் திரவத்தில் செய்தபோது ஒழுங்காகச் சிவந்தது.

இதுவரை செய்தது எல்லாம் சவ்வை உடைக்கிற வேலை. உடையாத சவ்வு என்ன செய்கிறது என்பதற்கு வழி காட்டியது அம்மா. "உப்பை முதல்லயே போட்டா காய் தண்ணி விட்டுரும், சாயமா விடும்?" என்றார் போகிற போக்கில். அட, ஆமாம்.

பீட்ரூட்டை விரல் நீளக் குச்சிகளாக வெட்டி அலசி, 100 மி.லி. தண்ணீரில் 10 கிராம் உப்பு கரைத்து அதில் பாதி, சாதாத் தண்ணீரில் பாதி. ஒரு மணி நேரம் கழித்து உப்புத் தண்ணீர்க் குச்சியை ஒரு நுனியில் பிடித்துத் தூக்கினால் நாய் வால் மாதிரி தொங்குகிறது, முறுக்கிச் சுற்றினாலும் ஒடியவில்லை. சாதாத் தண்ணீர்க் குச்சி விறைத்து நிற்கிறது, வளைத்தால் "டக்". இதில் கவனிக்க வேண்டியது உப்புத் தண்ணீரின் நிறம், வெறும் 2. உள்ளே இருந்த தண்ணீர் நிறைய வெளியே வந்திருக்கிறது, சாயம் வரவில்லை. அதே வாசல், தண்ணீருக்குத் திறக்கிறது, சாயத்துக்குத் திறக்கவில்லை. தேர்வு கடத்து சவ்வு என்று பாடத்தில் வரும் நீளமான பெயருக்கு இதைவிடப் பச்சையான விளக்கம் எனக்குத் தெரியாது.

அதோடு நிற்கவில்லை. தொங்கிய குச்சியை எடுத்துச் சாதாத் தண்ணீரில் இரண்டு மணி நேரம் போட்டோம். மெல்ல மெல்ல நிமிர்ந்தது. முழுசாக இல்லை, முக்கால்வாசி. அதே சோதனையை வேகவைத்த குச்சியில் செய்தால் உப்பிலும் தொங்குகிறது, தண்ணீரிலும் தொங்குகிறது. சவ்வு போனால் தண்ணீரைப் பிடித்து வைத்து விறைக்க ஆள் இல்லை. உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று ஒரு பீட்ரூட் குச்சியிடம் கேட்க முடியும் என்று நான் நினைத்ததே இல்லை.

இங்கே மகள் ஒரு கேள்வி கேட்டு என்னை மடக்கினாள். "நடுவுல கொழுப்புன்னா தண்ணியும்தானே போகக்கூடாது? தண்ணி எப்படிம்மா போச்சு?" நியாயமான கேள்வி. கொஞ்சம் தண்ணீர் கொழுப்பு அடுக்கின் ஊடாகவே கசியும், ஆனால் வேகமாகப் போக வேண்டுமானால் அதற்கென்று தனிக் குழாய் இருக்கிறது, அக்வாபோரின் என்ற புரதம். பீட்டர் ஆக்ரே என்ற அமெரிக்க விஞ்ஞானி வேறு எதையோ தேடும்போது ரத்தச் சிவப்பணுவில் அது கண்ணில் பட்டது. அது தண்ணீர்க் குழாய்தான் என்று 1992ல் நிரூபித்த விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். தவளை முட்டை குளத்துத் தண்ணீரில் நாள் கணக்கில் கிடக்கும், ஊதாது, ஏனென்றால் அதன் சவ்வு தண்ணீரை அவ்வளவாக விடாது. அந்த முட்டை செல்லுக்குள் இந்தப் புரதத்துக்கான ஆர்.என்.ஏ.வைச் செலுத்தி, புரதம் உருவாக விட்டு, நீர்த்த கரைசலில் போட்டார்கள். சில நிமிடத்தில் ஊதி வெடித்தது. 2003ல் அவருக்கு நோபல் பரிசு. இதைச் சொன்னதும், "அப்ப பீட்ரூட்லயும் அந்தக் குழாய் இருக்கா?" என்றாள். இருக்கிறது, செடிகளில் இந்தக் குடும்பப் புரதங்கள் ஏராளம்.

ஒரு இடைச்செருகல். முட்டையை வினிகரில் ஊறவைத்து ஓட்டைக் கரைத்து, உள்ளே இருக்கும் ரப்பர் பந்து மாதிரியானதைக் காட்டி "இதுதான் செல் சவ்வு" என்று சொல்லும் வீடியோக்கள் நிறைய. அது செல் சவ்வு இல்லைங்க. ஓட்டுக்கு உள்ளே இருக்கும் அந்தத் தோல் புரத நார்களால் நெய்த துணி மாதிரி ஒரு சாமான், கையால் உரிக்கலாம். தண்ணீரை விடும், பெரிய மூலக்கூறை விடாது, அதனால் சவ்வூடு பரவலை (சவ்வின் ஊடாகத் தண்ணீர் நகர்வதை) காட்ட நல்ல மாதிரிதான், செய்யுங்கள். ஆனால் உண்மையான செல் சவ்வின் தடிமன் 7, 8 நானோமீட்டர். ஒரு ஏ4 தாளின் தடிமனுக்கு 10,000க்கும் மேல் அடுக்க வேண்டும். விரலால் உரிக்கிற கதை இல்லை.

சரி, அவ்வளவு மெல்லியதில் இரண்டு அடுக்கு என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்? இதற்கும் ஒரு சமையலறைச் சோதனை உண்டு. அகலமான தட்டில் தண்ணீர் விட்டு, அது அசையாமல் நின்றதும் முகப்பவுடரை லேசாகத் தூவி, ஈர்க்குச்சி நுனியில் எண்ணெய் தொட்டு நடுவில் வையுங்கள். பவுடர் எட்டுத் திசைக்கும் ஓடும். எண்ணெய் மிக மெல்லிய படலமாக விரிகிறது. இப்படித் தண்ணீர் மேல் படலங்களை ஒழுங்காக அளந்து பார்த்தவர் ஜெர்மனியில் ஆக்னஸ் பாக்கெல்ஸ் என்ற பெண். பல்கலைக்கழகம் போகாதவர், வீட்டு வேலைக்கு நடுவே சமையலறையில் ஒரு தகரத் தொட்டியை வைத்துச் செய்தார், இங்கிலாந்து இயற்பியலாளர் ரேலிக்கு அவர் எழுதிய கடிதம் 1891ல் நேச்சர் இதழில் வந்தது. பின்னால் அமெரிக்க வேதியியலாளர் லாங்மியூர் அதே மாதிரித் தொட்டியைச் செம்மைப்படுத்தினார்.

அந்த வகைத் தொட்டியில்தான் 1925ல் நெதர்லாந்தில் கோர்ட்டரும் கிரெண்டலும் ரத்தச் சிவப்பணுக்களின் கொழுப்பை அசிட்டோனில் பிரித்தெடுத்து விரித்தார்கள். பாலூட்டிகளின் முதிர்ந்த சிவப்பணுவுக்குள் வேறு சவ்வே கிடையாது, இருக்கிற கொழுப்பு எல்லாம் வெளிச் சவ்வினுடையது. விரிந்த பரப்பு செல்களின் பரப்பைப் போல இரண்டு மடங்கு வந்தது, ஆகவே இரண்டு அடுக்கு. இதில் வேடிக்கை, அசிட்டோன் கொழுப்பு முழுவதையும் எடுக்கவில்லை, செல்லின் பரப்பையும் அவர்கள் குறைவாகவே கணக்கிட்டிருந்தார்கள். இரண்டு தப்பும் ஒன்றையொன்று சரிக்கட்டி விடை சரியாக வந்துவிட்டது. துவைக்கும் பவுடர் விஷயத்தில் எனக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

அடுக்கு என்றதும் செங்கல் சுவர் மாதிரி நினைக்க வேண்டாம். அது திரவம். 1970ல் ஃப்ரையும் எடிடினும் எலி செல்லையும் மனித செல்லையும் ஒன்றாக இணைத்து, இரண்டின் சவ்வுப் புரதங்களுக்கும் வேறு வேறு நிறத்தில் ஒளிரும் அடையாளம் கொடுத்துப் பார்த்தார்கள். 37 டிகிரியில் 40 நிமிடத்துக்குள் இரண்டு நிறமும் கலந்துவிட்டன, குளிரில் வைத்தால் கலக்கவில்லை. சிங்கரும் நிகல்சனும் 1972ல் சொன்ன "பாய்ம மொசைக்" என்ற சவ்வு மாடல், அதாவது திரவமான கொழுப்பு அடுக்கில் புரதங்கள் மிதக்கின்றன என்ற விளக்கம், இதன் மேல்தான் நிற்கிறது. குளிர் காலையில் நெய் உறைந்தும் கடலை எண்ணெய் ஓடியும் இருக்கிறதல்லவா, சவ்வின் வால்களிலும் அதே வித்தியாசம்தான்: நேர் வால்கள் நெருக்கிப் படுத்து இறுகும், வளைந்த வால்கள் இடைவெளி விடும். வாழைப்பழத்தை ஃப்ரிட்ஜில் வைத்தால் தோல் கறுப்பதும் இதோடு சேர்ந்தது, வெப்ப மண்டலப் பழத்தின் சவ்வு அந்தக் குளிரைத் தாங்காமல் கசிய, தனித்தனி அறையில் இருந்த நொதியும் பீனாலும் சந்தித்துக் கறுக்கின்றன.

மூன்றாவது ஞாயிறு மைக்ரோஸ்கோப். ஆன்லைனில் வாங்கிய பொம்மை ரகம், 100 மடங்கு வரை பரவாயில்லை, அதற்கு மேல் பனிமூட்டம். நர்சரியில் ரியோ செடி கேட்டு வாங்கினேன், பள்ளி ஆய்வகத்திலும் அதைத்தான் எடுப்பார்கள், இலையின் அடிப்புறம் கத்திரிப்பூ நிறம். இலையைக் கோணலாக ஒடித்து இழுத்தால் அடித்தோல் உரிந்து வரும். உரிக்கும் பக்குவம் வர எனக்கு எட்டு இலை ஆயிற்று, மகளுக்கு இரண்டே இலை. ஸ்லைடில் ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்துப் பார்த்தால் தேன்கூடு மாதிரி அறைகள், ஒவ்வொன்றிலும் விளிம்பு வரை ஊதா.

கவர்ஸ்லிப்பின் ஒரு ஓரத்தில் 5 சதவீத உப்புக் கரைசலை ஒரு சொட்டு விட்டு, எதிர் ஓரத்தில் டிஷ்யூ தாளை வைத்து உறிஞ்சினோம். முதல் ஒரு நிமிடம் ஒன்றுமில்லை. அப்புறம் ஒரு அறையின் மூலையில் மட்டும் ஊதா சுவரை விட்டு விலகி, பிறை மாதிரி ஒரு வெள்ளை இடம் தெரிந்தது. பக்கத்து அறையில் இன்னொரு பிறை. ஐந்து நிமிடத்தில் எல்லா அறையிலும் ஊதா ஒரு உருண்டையாகச் சுருங்கி நடுவில் நின்றது, நிறம் முன்பைவிட அடர்த்தி, சுவர் அசையவே இல்லை. பிளாஸ்மா சிதைவு. தண்ணீரை மறுபடி விட்டபோது பாதி உருண்டைகள் விரிந்து சுவரைத் தொட்டன. சில விரியவில்லை. ஒன்று மட்டும் எங்கள் கண் முன்னாலேயே நிறத்தைச் சுற்றிலும் விட்டுவிட்டு வெளுத்தது, "ஐயோ, செத்துருச்சு" என்றாள்.

ரெக்கார்டு நோட்டில் அவள் படம் வரைந்து, ஊதா உருண்டையின் விளிம்புக்கு அம்புக்குறி போட்டு "பிளாஸ்மா சவ்வு" என்று எழுதினாள். நான் ஆட்சேபித்தேன். ஒளி மைக்ரோஸ்கோப் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சுமார் 200 நானோமீட்டருக்குக் குறைந்ததைப் பிரித்துக் காட்டாது, நீ பார்த்தது சவ்வை அல்ல, சாயம் நிற்கிற எல்லையை. அதுவும் சாயம் வாக்குவோலில் இருப்பதால் அந்த எல்லை டோனோபிளாஸ்ட். பிளாஸ்மா சவ்வு அதற்கு ஒரு மயிரிழை வெளியே. அரை மணி நேரம் வாக்குவாதம். "எக்ஸ்டர்னல் இதையெல்லாம் பாக்க மாட்டாங்கம்மா" என்று சொல்லிக்கொண்டே ரப்பரால் அழித்து, உருண்டைக்கு வெளியே மெல்லிசாக இன்னொரு கோடு போட்டு அம்பை அதற்கு மாற்றினாள்.

இன்னும் ஒரு வேலை பாக்கி. 50க்கும் 60க்கும் நடுவில் எந்த இடத்தில் சாயம் பாய்கிறது என்று இரண்டிரண்டு டிகிரியாக ஏற்றிப் பார்க்க வேண்டும். 52 வரை வந்தோம், இன்னமும் 2தான். 54க்குத் தண்ணீர் கலக்கும்போது தெர்மாமீட்டர் கை நழுவி சிங்கில் விழுந்து நுனி உடைந்தது. புதிது வாங்கிய பிறகு தொடர வேண்டும், அதுவரை வீட்டில் பீட்ரூட் எடுக்கக் கூடாது என்று அம்மாவின் உத்தரவு.